மூன்று பறவைப் பருவங்களுக்குப் பிறகு: நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸ்

நிக்கான் நிறுவனத்தின் 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் 2015இல் வெளிவந்தது. (மி.மீ. எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்; எஃப் எண், ஒளி நுழையும் திறப்பான அப்பர்ச்சரின் அளவு, எண் சிறியதானால் திறப்பு பெரிது.) நான் அதை வாங்கியது பல ஆண்டுகள் கழித்து, பறவைகளைப் படமெடுத்து வந்த நண்பர் ஒருவரிடமிருந்து, செகண்ட் ஹேண்டில். அதை டி7200 கேமராவில் பொருத்தி, வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, பழவேற்காடு, வேட்டங்குடி என்று விடுமுறை கிடைத்த போதெல்லாம் அலைந்து, மூன்று பருவங்களைக் கழித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்கிய முதல் மாதத்தில் எழுதியிருந்தால் இது ஒரு குற்றப்பத்திரிகையாக இருந்திருக்கும். அன்று லென்ஸின் குறைகள் என்று நான் நம்பியவற்றில் பெரும்பாலானவை லென்ஸில் இல்லை. என் கையிலும், நான் வெளியே கிளம்பிய நேரத்திலும், நீருக்கு மேலே நின்ற காற்றிலும் இருந்தன. ஆகவே எது லென்ஸின் குறை, எது எடுப்பவரின் குறை என்பதைப் பிரித்துச் சொல்வதே இதை வாங்க நினைப்பவர்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி என்று கருதுகிறேன்.

முதலில் எடையைச் சொல்லிவிட வேண்டும். ட்ரைபாட் வளையத்தோடு சேர்த்து லென்ஸின் எடை 2,300 கிராம். பேட்டரியுடன் கேமரா 765 கிராம். ஆக மூன்று கிலோவைக் கண் மட்டத்தில் ஏந்தி நிற்க வேண்டும். கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்க்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஏரிக்கரையில் ஒரு கூழைக்கடா இறங்குமா இறங்காதா என்று இரண்டு நிமிடம் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருக்கும்போதுதான் தோள் நடுங்கத் தொடங்கும். இடது உள்ளங்கையை ஜூம் வளையத்துக்கு அடியில் தட்டுபோல் விரித்து வைத்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்தப் பழகுவதற்கு எனக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது. அதற்குள் ஒரு மோனோபாட், அதாவது ஒற்றைக்கால் தாங்கி, வாங்கிவிட்டேன். உட்கார்ந்திருக்கும் பறவைகளுக்கு இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பறக்கும் பறவைக்கு மட்டும் கை.

வேடந்தாங்கலுக்குச் சென்ற முதல் நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது வைத்துக்கொள்ளத் தகுந்தவை ஒன்பதே தேறின. அன்று நான் செய்த தவறு, இந்த லென்ஸின் விவரக்குறிப்பைப் படிப்பவர் எல்லோரும் செய்யக்கூடிய தவறு. நடுக்கத்தைக் குறைக்கும் வி.ஆர். வசதி 4.5 ஸ்டாப் அளவுக்கு உதவும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இருமடங்காக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அதை நம்பி 1/250 நொடியில் பறவைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வி.ஆர். என் கையின் நடுக்கத்தை அடக்கியது உண்மைதான். கரையும் மரங்களும் கத்தி முனைபோலக் கூர்மையாக விழுந்திருந்தன. ஆனால் நாரையின் இறக்கையை அது எப்படி நிறுத்தும்? இறக்கை அசைவை உறைய வைப்பது ஷட்டர் வேகம் ஒன்றுதான். கூழைக்கடா போன்ற பெரிய பறவைகளுக்கு 1/1600 நொடியும், தகைவிலான், மீன்கொத்தி போன்ற சிறிய, வேகமான பறவைகளுக்கு 1/3200 நொடியும் என்று வைத்துக்கொண்டு, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானாக ஏற விட்ட பிறகுதான் படங்கள் மாறின. ஐஎஸ்ஓ 1600இல் வரும் மணல் மணலான இரைச்சலுக்கு நான் முன்பு மிகவும் அஞ்சினேன். மங்கிய இறக்கையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, இரைச்சலை ஓரளவு துடைக்க முடியும் என்று தெரிந்த பிறகு அந்த அச்சம் போய்விட்டது.

வி.ஆர். பொத்தானில் நார்மல், ஸ்போர்ட் என்று இரண்டு நிலைகள் உண்டு. பறவையோடு சேர்த்துக் கேமராவை நகர்த்தும்போது நார்மல் நிலையில் வ்யூஃபைண்டர் காட்சி சற்றே பின்னுக்கு இழுப்பதுபோல் தோன்றும். ஸ்போர்ட் நிலையில் அந்த இழுப்பு இராது. பழவேற்காட்டில் படகில் அமர்ந்து பூநாரைக் கூட்டத்தை எடுத்தபோது ஸ்போர்ட் நிலை எனக்குப் பெரிதும் உதவியது.

அடுத்து, இந்த லென்ஸைப் பற்றி நான் கொண்டிருந்த மிகப் பெரிய தவறான எண்ணத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகச் செல்லும் ரேடியல் சாலையில் நின்று, காலை பத்து மணி வெயிலில் ஒரு நீலத் தாழைக்கோழியைப் பல கோணங்களில் எடுத்தேன். பறவை அசையவில்லை, மோனோபாட் இருந்தது, ஷட்டர் வேகமும் போதுமானதாக இருந்தது. ஆயினும் ஒரு படத்திலும் கண் தெளிவாக விழவில்லை. எல்லாப் படங்களிலும் இறகின் ஓரங்கள் நீரில் கரைந்த மைபோல இருந்தன. லென்ஸில் ஃபோகஸ் பிழை இருக்கிறது என்று முடிவு செய்து, கேமராவில் உள்ள ஃபோகஸ் நுண்திருத்த வசதியைத் திறந்து, எண்களை மாற்றி மாற்றி ஒரு வாரத்தை வீணாக்கினேன். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், மொட்டை மாடிச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, 500 மி.மீ.இல் எடுத்துப் பார்த்தேன். வரி விளம்பரத்தின் பொடி எழுத்துகள்கூடப் படிக்கும்படி இருந்தன. அன்றே நண்பகலில் அதே இடத்தில் அதே தாளை எடுத்தேன்; தளம் கொதித்துக்கொண்டிருந்தது, எழுத்துகள் நெளிந்தன. அப்போதுதான் புரிந்தது, கெட்டது கண்ணாடியல்ல, இடையில் இருந்த காற்று.

சூடான தார்ச்சாலையிலிருந்தும் ஈரமான நிலத்திலிருந்தும் எழும் வெப்பக் காற்று, அடர்த்தி மாறி மாறி ஒளியை வளைக்கிறது. கண்ணுக்கு அது தூரத்தில் கானல்போலத் தெரிகிறது, 500 மி.மீ. லென்ஸ் காட்சியைப் பெரிதாக்குவதைப் போலவே அந்த நெளிவையும் பெரிதாக்கிவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இதற்கு விலக்கல்ல. இந்த லென்ஸ் தூரத்தில் தெளிவாக எடுப்பதில்லை என்ற குறையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதே. கோடையில் எட்டரை மணிக்கு மேல் ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவையை நான் எடுப்பதே இல்லை. அதற்குப் பதிலாகப் பறவை அருகில் வரும் இடத்தைத் தேடிப் போய் உட்காருகிறேன். (நுண்திருத்தத்தைப் பற்றி ஒரு குறிப்பு: டி7200இல் ஒரு லென்ஸுக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் பதிவு செய்ய முடியும். 200இல் ஒன்றும் 500இல் ஒன்றும் தேவைப்பட்டால், அதிகம் பயன்படும் 500க்கே வைத்துக்கொள்வது நல்லது.)

சென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஏசி போட்ட காரில் ஒன்றரை மணி நேரம் குளிர்ந்த லென்ஸை, மார்கழி விடியலின் ஈரக்காற்றில் பையிலிருந்து வெளியே எடுத்தவுடன் முன்கண்ணாடி முழுவதும் பனி படர்ந்துவிடும். 95 மி.மீ. ஃபில்டர் பொருந்தும் அந்தப் பெரிய கண்ணாடி மீண்டும் தெளிய எனக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்தில்தான் பறவைகள் கூட்டம் கூட்டமாக இரை தேடிக் கிளம்பின. துணியால் துடைத்தால் மீண்டும் படருமே தவிரப் போகாது. இப்போது போய்ச் சேர அரை மணி நேரம் இருக்கும்போதே ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பையின் ஜிப்பையும் பாதி திறந்து வைத்துவிடுகிறேன்.

அப்படிக் காலைப் பறவைகளைத் தவறவிட்டு வேடந்தாங்கல் கரையில் நின்றிருந்த ஒரு நாளில், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அவற்றைக் காத்து வரும் ஊர் அது. "காலையில வெளிய போறத ஏன் தம்பி தொரத்துறீங்க? அது முதுகத்தான் காட்டிட்டுப் போகும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல வந்து நில்லுங்க, இரை எடுத்துக்கிட்டு உங்க முகத்தப் பாத்து வரும்" என்றார். "எந்தப் பக்கம் நிக்கணும்யா?" என்று கேட்டேன். "காத்து உங்க முதுகுல படணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எந்தக் காணொளியிலும் எனக்குக் கிடைக்காத பாடம் அது. பறவைகள் காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே காற்று நம் முதுகில் பட நின்றால், இறக்கையை அகல விரித்து, காலை நீட்டி, நேராக நம்மை நோக்கி வேகம் குறைத்து வரும். அன்று மாலையே அந்த இடத்தில் நின்றேன். நத்தை குத்தி நாரை ஒன்று அலகில் ஒரு நீண்ட சுள்ளியைக் கவ்வியபடி கூட்டுக்கு வந்துகொண்டிருந்தது. 500இல் தொடங்கி அது நெருங்க நெருங்க 350 வரை குறைத்துக்கொண்டே வந்து, ஒரே மூச்சில் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். அவற்றில் ஏழு தெளிவாக விழுந்தன. அந்த நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒன்றோடொன்று சேராமல் ஓர் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியில் மாலைச் சூரியன் ஒரு கோடாகத் தெரிவதும், சுள்ளியிலிருந்து தொங்கிய பாசியின் நுனியில் ஒரு நீர்த்துளி நிற்பதும் படத்தில் இருக்கின்றன. இந்த லென்ஸால் இது முடியும் என்று நான் அறிந்த நாள் அதுதான்.

அந்தப் படத்தின் அடிப்படையிலேயே லென்ஸின் ஒளியியல் தரத்தைப் பற்றிச் சொல்லலாம். முழுதாகத் திறந்த எஃப் 5.6இல், 500 மி.மீ.இல், நடுப்பகுதி மிகத் தெளிவாக இருக்கிறது. எஃப் 8க்கு மூடினால் சற்றுக் கூடுதல் கூர்மை கிடைக்கும்; ஆனால் அதற்காக ஒளியை இழக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் ஏற்படுவதில்லை. ஜூமின் எல்லா நிலையிலும் எஃப் 5.6 மாறாமல் இருப்பது, விடியலிலும் அந்தியிலும் வேலை செய்பவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி. டி7200 போன்ற சிறிய சென்சார் கேமராவில் இது 300 முதல் 750 மி.மீ. வரையிலான பார்வைக் கோணத்தைத் தருகிறது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்திக் காட்சியைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். அப்பர்ச்சர் எஃப் 8 ஆகிவிடுவதால் என் கேமராவில் நடு ஃபோகஸ் புள்ளி மட்டுமே நம்பகமாக வேலை செய்தது, அதுவும் மெதுவாக. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எதிர்பாராத வகையில் எனக்கு மகிழ்ச்சியளித்தது இதன் அருகாமை ஃபோகஸ். 2.2 மீட்டர் வரை நெருங்கலாம் என்பதால், பறவைகள் இல்லாத வேளைகளில் கரையோரத் தும்பிகளையும் பட்டாம்பூச்சிகளையும் அவற்றைக் கலைக்காமல் எடுக்க முடிகிறது. ஆனால் ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் பொத்தானை 6 மீட்டருக்கு அப்பால் என்ற நிலையில் வைத்துவிட்டு மறந்துவிட்டால், அருகிலிருக்கும் எதுவும் ஃபோகஸ் ஆகாது. பறவைக்கு அந்த நிலை, பூச்சிக்கு முழு நிலை.

குறைகளுக்கு வருகிறேன். ஜூம் வளையத்தை 200இலிருந்து 500க்குக் கொண்டு செல்ல ஒரே திருப்பு போதாது. கையை எடுத்து மீண்டும் பிடித்துத் திருப்ப வேண்டும். தொலைவிலிருந்து திடீரென்று அருகில் பாயும் பறவையைத் தொடரும்போது இது உண்மையான தடை. இதனால் நான் இழந்த படங்கள் ஏராளம். எந்தப் பழக்கமும் இதை முழுதாகச் சரிசெய்யவில்லை. ஜூம் செய்யும்போது லென்ஸின் முன்பகுதி நீள்வதால் எடையின் மையமும் முன்னோக்கி நகரும். அதை நகராமல் பூட்டும் வசதி 200இல் மட்டுமே உண்டு. லென்ஸின் ட்ரைபாட் காலின் அடிப்பகுதியில், ட்ரைபாட் தலைகளில் பரவலாகப் பயன்படும் பூட்டில் நேரடியாகப் பொருந்துவதற்கான வரிப்பள்ளம் இல்லை. தனியே ஒரு தகடு வாங்கித் திருகிக்கொள்ள வேண்டும். மழைக்கும் தூசுக்கும் முழுமையான காப்பு இல்லாததால் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருக்கிறேன். ஃபோகஸ் மோட்டார் ஓசையின்றி இயங்கினாலும் வேகத்தில் நடுத்தரம்தான். தகைவிலான் போன்றவற்றுக்கு அது ஈடுகொடுப்பதில்லை.

வெள்ளைப் பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இது லென்ஸைச் சேர்ந்ததல்ல, ஆனால் லென்ஸின் மீது பழி விழும் இடம். கருமையான நீரின் முன்னே கொக்கு நிற்கும்போது கேமராவின் ஒளிமானி நீரைப் பார்த்து முடிவெடுத்து, கொக்கின் இறகுகளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். இறகின் நுண்ணிய வரிகள் விழாததைக் கண்டு கூர்மை போதவில்லை என்று நினைத்துவிடுவோம். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை குறைத்தால் வரிகள் அத்தனையும் திரும்பி வரும். நீர்க்காகத்துக்கு, வெளிறிய வானத்தின் முன்னே, இதற்கு நேர் எதிர்.

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள வேட்டங்குடிக்குச் சென்றபோது வேறொன்றைக் கற்றேன். பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வாழும் இடம் அது. அவர்களுடைய கண்மாய்க் கரையில் நின்று நொடிக்கு ஆறு படங்கள் என்று கேமராவைத் தடதடக்க விட எனக்கு மனம் வரவில்லை. டி7200இல் உள்ள ஓசை குறைந்த ஷட்டர் நிலைக்கு மாற்றி, ஒவ்வொரு படமாக எடுத்தேன். அன்று எடுத்தவை எண்பதுக்கும் குறைவு, வைத்துக்கொண்டவை இருபத்திரண்டு. நீண்ட லென்ஸ் வைத்திருப்பதன் பயனே கூட்டை நெருங்காமல் இருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். படத்துக்காகக் கூட்டருகே செல்பவர்களையும், கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பவர்களையும் பார்க்கும்போது மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் பருவம் முடிந்ததும் லென்ஸைத் துணிப்பையோடு அலமாரியில் வைத்துவிட்டு நான்கு மாதங்கள் திறக்கவில்லை. கடற்கரை ஊரின் ஈரத்தில் உட்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலைபோல மெல்லிய பூஞ்சை இழை ஓடியிருந்தது. இது முழுக்க என் கவனக்குறைவு. சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் ஐந்து வாரங்கள் வைத்திருந்தார்கள். இழை போய்விட்டது, ஆனால் செலவு சிறியதல்ல. இப்போது ரப்பர் விளிம்புள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் சிறு கருவியும் வைத்து, முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

யார் வாங்கலாம்? நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருந்து, பறவைகளைத் தொடர்ந்து எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் டி90 போன்ற பழைய கேமராக்களில் இதன் மின்காந்த அப்பர்ச்சரைக் கட்டுப்படுத்த முடியாது. சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600 லென்ஸ்களில் 600 வரை செல்லலாம். அந்த முனையில் எஃப் 6.3 ஆகிவிடும் என்றாலும் நூறு மி.மீ. கூடுதல் என்பது நாரைகளைவிடச் சிறிய குருவிகளை எடுப்பவர்களுக்குப் பொருட்படுத்தத் தக்கது. நிக்கானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) இசட் கேமரா வைத்திருப்பவர்கள் இணைப்பியின் உதவியோடு இதைப் பயன்படுத்தலாம். ஆனால் அவர்களுக்கு 2023இல் வெளிவந்த நிக்கானின் 180-600 லென்ஸே பொருத்தமானது. அதில் முன்பகுதி நீள்வதில்லை, ஜூம் வளையமும் ஒரே திருப்பில் முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வேடந்தாங்கல் செல்பவர்களுக்கு இந்த எடையும் செலவும் தேவையில்லை. 70-300 ஒன்று போதும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் காலை வேளையில் சென்று பாருங்கள். கைபேசி விளக்கைப் பின்புறமிருந்து உள்ளே பாய்ச்சி, முன்கண்ணாடி வழியாகப் பூஞ்சை இழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜூம் வளையம் எங்கும் சிக்காமல் சுழல்கிறதா, ட்ரைபாட் வளையத்தின் திருகு இறுகுகிறதா, வி.ஆர். இயக்கியதும் வ்யூஃபைண்டர் காட்சி சட்டென்று அமைதியடைகிறதா என்று சோதியுங்கள். ஒரு செய்தித்தாளையும் ஒட்டுநாடாவையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். 500இல், எஃப் 5.6இல், பதினைந்து மீட்டரில் பொடி எழுத்து படிக்க வந்தால் விலையைப் பேசத் தொடங்கலாம்.